‘வருத்தமுள்ள பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்’

கையை எப்படிக் கழுவுவது, இருமும்போது வாயை எப்படி மூடுவது, வகுப்பறை யன்னலை எப்போது திறப்பது என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. புதிதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவை என்னைவிட நன்றாகத் தெரியும். பரீட்சை எழுதி வந்திருக்கிறீர்கள். நானோ ஓய்வுபெற்றவன். பேக்கரிக்காரர் வெறுங்கையால் பாணை எடுத்துத் தந்தாலும் ஒன்றும் சொல்ல அதிகாரமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வருகிறவன். என்னிடம் உங்களுக்குத் தர இருப்பது என் பிழைகள் மட்டும்தான். அதில் பெரியது ஒன்றைச் சொல்கிறேன். மிச்சத்தை நான் போன பிறகு ஊர் சொல்லும்.

கொரோனாக் காலத்தில் எங்கள் வேலைக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் படலைகள் சாத்தப்படும். ஆட்களைக் கொண்டுபோய் அடைப்பவன் என்றே எங்களைப் பார்த்தார்கள். நோய் அடங்கிய பிறகும் அந்தப் பயம் அடங்கவில்லை. ஒருமுறை பள்ளிமுனைப் பக்கம் ஒரு வகுப்பில் போய் நின்று, “காய்ச்சல் உள்ள ஆக்கள் கையை உயர்த்துங்கோ” என்றேன். ஒரு கையும் எழும்பவில்லை. வகுப்பு முழுக்க இருமலை அடக்கிக்கொண்டு கண்ணீர் வழிய இருந்தது. முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்:

“கை உயர்த்தினா அம்மாவையும் சேர்த்துக் கொண்டுபோவீங்களோ சேர்?”

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே என் முறையை மாற்றிக்கொண்டேன். காலையில் பாடசாலை வாசலில் நானே நிற்பேன். கொப்பி இல்லை, பேனை இல்லை. நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானியைப் பிள்ளைகள் சுடுகிற துவக்கு என்று பயந்தபடியால் அதையும் பையிலேயே வைத்துவிடுவேன். ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து, மெதுவாக, “பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?” என்று கேட்பேன். இருக்கிறதென்று சொன்னால் ஒரு தட்டு முதுகில், தாயுடன் நாலு வார்த்தை, அவ்வளவுதான். பிள்ளைகள் உண்மை சொல்லத் தொடங்கினார்கள். அந்த முறையை எல்லாக் கூட்டத்திலும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் தலையாட்டத் தலையாட்ட எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு வந்தது அந்த மாரிமழைக் காலம். நானாட்டான் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலை. பெயர் வேண்டாம். சுற்றிவர வயல். தூவானம் அடிக்கிறதென்று யன்னல்களைச் சாத்திவிட்டு ஒரு அறைக்குள் முப்பது பிள்ளைகள். மன்னார்ப் பக்கம் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவுவதாகத் தகவல் வந்திருந்தது. வழக்கமாக எனக்கு அது பெரிய விடயமில்லை. ஆனால் அந்த முறை தரம் நான்கின் வகுப்பாசிரியை ஜெசிந்தா ரீச்சர் ஏழு மாதம்.

கலியாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை. கணவர் பள்ளிமுனையில் கடற்றொழில் செய்பவர். ரீச்சர் அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். எங்கள் மிட்வைஃப், அதாவது அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், என்னைவிட இருபது வயது இளையவர், ஆனால் எனக்கு வாய் காட்டத் தயங்காதவர். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“சேர், கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் வந்தா சும்மா மூக்கோடுற தடிமன் மாதிரிப் போகாது. நெஞ்சில இறங்கிப்போடும். அவவை லீவில நிக்கச் சொல்லுங்கோ.”

ரீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “நான் நிண்டா வகுப்புக்கு ஆளில்லை சேர். இருக்கிற ரீச்சர்மாரே ரெண்டு வகுப்பை ஒண்டாக்கிப் படிப்பிக்கினம். வருத்தமான பிள்ளையள உள்ள விடாதேங்கோ, அது காணும்.”

“அதை நான் பாத்துக்கொள்ளுறன்” என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அன்றைக்கே ஒரு நோட்டீஸ் எழுதி எல்லா வீடுகளுக்கும் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டேன். நடுவில் தடித்த எழுத்தில் ஒரே வரி: ‘வருத்தமுள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம்.’ கீழே என் கையொப்பம். நறுக்கென்று இருக்கிறது என்று அதிபரும் பாராட்டினார்.

திங்கட்கிழமை காலை வாசலில் நின்றேன். தூறல். வரிசையில், முந்தின வாரம் தரம் நான்கில் சேர்ந்த புதிய பிள்ளை ஒன்று வந்தது. பெயர் நிவேதா. அந்தக் குடும்பம் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. தாய் கைக்குழந்தையாகப் படகில் போய் அங்கேயே வளர்ந்தவர். பிள்ளை அங்கேயே பிறந்தது. கண் இரண்டும் கொஞ்சம் சிவந்திருந்ததைக் கண்டேன். காற்றுக்கு என்று நினைத்தேன். குனிந்து கேட்டேன்.

“பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?”

“இல்ல சார்” என்றாள். பிறகு நான் கேட்டதற்கு மரியாதையாக இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, “வருத்தமெல்லாம் இல்ல சார். சந்தோஷமாத்தான் இருக்கேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அதிபரிடம், “இந்தியப் பிள்ளை எவ்வளவு வடிவாப் பதில் சொல்லுது பாருங்கோ” என்றேன். நிவேதா உள்ளே போனாள்.

நாலாம் பாடத்தில் அவள் வாங்கிலிருந்து சரிந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது. ஜெசிந்தா ரீச்சர் அவளைத் தூக்கி மடியில் சாய்த்து, சத்தி எடுத்த வாயைத் துடைத்து, தாய் வயலிலிருந்து வந்து சேரும் மட்டும் அப்படியே வைத்திருந்திருக்கிறார். எனக்குத் தகவல் வந்தபோது நான் வேறொரு ஊரில் நின்றேன். புதன்கிழமை வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. அன்று மாலை ரீச்சருக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மூச்சு விடமுடியாமல் மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒட்சிசன் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிபர் என்னைக் கேட்டார், “நீங்கள் வாசலில் கேட்டுத்தானே சேர் விட்டனீங்கள்?” என்று. தப்பிக்க ஒரு வழி தேடியது மனது.

“நான் கேட்டனான்தானே. பிள்ளை பொய் சொல்லிப்போட்டுது” என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் வேறொருவரைக் கெடுத்தது. அந்த வாக்கியம் அலுவலக அறையில் நின்ற ஒரு தாயின் காதில் விழுந்து, பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. நிவேதாவின் தாய் காய்ச்சலை மறைத்துப் பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுத்து அனுப்பினாராம். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த காய்ச்சலாம். அந்தப் பிள்ளை பாடசாலைக்குள் கால் வைத்தால் தங்கள் பிள்ளைகளை எடுத்துவிடுவார்களாம். அதிபர் தொலைபேசியில் தாயிடம், பிரச்சினை அடங்கும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சொல்லிவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்துவிட்டார். என்னைப் போல.

சனிக்கிழமை மிட்வைஃப் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “நீங்கள் சொன்னதை நீங்களே போய் அந்தத் தாயிட்டைச் சொல்லுங்கோ, வாங்கோ” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன்.

தகரக் கூரைபோட்ட சின்ன வீடு. நிவேதாவின் தாய் என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பொலித்தீன் உறைக்குள்ளிருந்து என் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தார். அரசாங்கக் கடிதம் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்திருக்கிறார்.

“சார், நாங்க ஒண்ணும் மறைக்கல சார். இதுல என்ன போட்டிருக்கோ அதைத்தான் செஞ்சேன். வருத்தமா இருக்கிற புள்ளைங்கள அனுப்பாதீங்கன்னு போட்டிருக்கு. இவ புது ஸ்கூல், தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ராத்திரியே ஒக்கார வெச்சுக் கேட்டேன், ஸ்கூல்ல ஏதாச்சும் வருத்தமா பாப்பான்னு. இல்லம்மா, டீச்சர் ரொம்ப நல்லவங்கன்னா. சரின்னு அனுப்பிட்டேன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “காய்ச்சல் இருந்ததோ அம்மா?”

“காலையில லேசா ஒடம்பு சுட்டுச்சு சார். மாத்திரை குடுத்தேன். நான் களை எடுக்கப் போவணும், வீட்டுல பாத்துக்க ஆள் இல்ல. ஜுரம் இருந்தா அனுப்பாதீங்கன்னு போட்டிருந்தா வேலைக்கே போயிருக்க மாட்டேனே.” நோட்டீஸை என் பக்கம் நீட்டினார். “நான் நெனச்சேன் சார், எவ்வளவு நல்ல ஸ்கூல், மனசு கஷ்டமா இருக்கிற புள்ளைங்கள வீட்டுலயே வெச்சுக்கச் சொல்றாங்களேன்னு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு வருத்தமென்றால் நோய். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அவர்களுக்கு வருத்தமென்றால் கவலை. நான் வாசலில் குனிந்து அந்தப் பிள்ளையிடம் கேட்டது, ‘உனக்குக் கவலையா?’ என்று. அவள் இல்லை, சந்தோஷமாக இருக்கிறேன் என்றாள். அதைவிட உண்மையான பதில் ஒன்றை என் முப்பது வருட வேலையில் நான் கேட்டதில்லை. அதற்குத்தான் நான் பொய் என்று பெயர் வைத்தேன்.

நிவேதா கதவோரத்தில் நின்றாள். காய்ச்சல் விட்டிருந்தது. முகம் வாடியிருந்தது.

“டீச்சர் செத்துடுவாங்களா சார்?” என்று கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை” என்றேன். ஆனால் எனக்குத் தெரியாது.

“இப்ப வருத்தமா இருக்கு சார்” என்றாள்.

நான் அந்தக் கதிரையில் இருக்க முடியாமல் எழும்பி முற்றத்துக்கு வந்துவிட்டேன். மிட்வைஃப் பின்னால் வந்தார். என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

“அந்தச் சனத்துக்கு வருத்தமெண்டா கவலையெண்டு எனக்குத் தெரியும் சேர். முதல் நாள் கிளினிக்கில நானும் அப்பிடித்தான் கேட்டு மாட்டினனான். நோட்டீஸ என்னட்டை ஒருக்காக் காட்டியிருந்தாச் சொல்லியிருப்பன். நீங்கள் ஆருக்கும் காட்டேல்ல.”

உண்மைதான். காட்டவில்லை. தமிழில் தமிழருக்கு எழுதுவதை யாரிடம் காட்டுவது என்று நினைத்தேன். தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் வேலை செய்யப்போகும் கரையில் கொண்டச்சியில் ஒரு தமிழ், பள்ளிமுனையில் ஒரு தமிழ், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களிடம் ஒரு தமிழ், முகாமிலிருந்து வந்தவர்களிடம் ஒரு தமிழ். எல்லாம் நல்ல தமிழ்தான். ஒரு நோட்டீஸை எழுதினால், அது போகும் வீடுகளில் ஒருவரிடம் முதலில் வாசிக்கக் கொடுங்கள். “விளங்குதோ?” என்று கேட்காதீர்கள். எங்கள் சனம் உத்தியோகத்தர் முகத்துக்கு நேரே விளங்கவில்லை என்று சொல்லாது. “என்ன விளங்கினது, சொல்லுங்கோ” என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முதல் எங்கள் கந்தோரில் மூத்தவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “புது நோட்டீஸ் ஒண்டு அடிச்சுக் குடுத்துப்போட்டு விடும் ஐசே. பிழை விட்டனான் எண்டு சனத்துக்கு முன்னால சொன்னீரெண்டா நாளைக்கு ஒருத்தனும் எங்கட சொல்லுக் கேக்கான்” என்றார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஒரு நிமிடம் மனம் அந்தப் பக்கம் சாய்ந்ததையும் நான் மறைக்க மாட்டேன். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் கூட இல்லை.

கூட்டத்தில் எழும்பி நின்றேன். நோட்டீஸை வாசித்தேன். தாய்க்கு அது எப்படி விளங்கியது என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். “சிரிக்காதேங்கோ” என்றேன். “பிழை நான் விட்டது. பிள்ளையின்ர கண் சிவந்திருந்ததை நான் கண்டனான். நெற்றியில கை வைச்சுப் பார்க்கேல்ல. வெப்பமானி பைக்குள்ள இருந்தது. அந்தப் பிள்ளை பொய் சொன்னது எண்டு நான் சொன்னது அநியாயம். பிள்ளை உண்மை சொன்னது. காய்ச்சல் ஆரிட்டை இருந்து ஆருக்கு வந்தது எண்டு ஆராலும் சொல்லேலாது. அந்தத் திங்களுக்கு முதல் வெள்ளிக்கிழமையே ரெண்டு பிள்ளையள் இருமலோட வீட்ட நிண்டவை.”

பின்னால் இருந்து ஒருவர் கேட்டார், “எல்லாம் சரி சேர். ரீச்சருக்கும் பிள்ளைக்கும் ஏதும் நடந்தா?”

“நான்தான் பொறுப்பு” என்றேன். வேறென்ன சொல்ல? பொறுப்பு என்று சொல்லிவிட்டால் மூச்சு திரும்புமா? அந்தக் கேள்வியோடு கூட்டம் கலைந்தது. புதிய நோட்டீஸ் எழுதினோம். இம்முறை காய்ச்சல், இருமல், தொண்டை நோ, உடம்பு சுடுதல் என்று ஒவ்வொன்றாக எழுதி, நிவேதாவின் தாயே முதலில் வாசித்துத் திருத்தினார். வேலைக்குப் போகும் தாய்மாருக்காக ஒரு பழைய களஞ்சிய அறையை ஒதுக்கி, யன்னல்களைத் திறந்து பாய் போட்டு, சுகமில்லாத பிள்ளைகளைப் பார்க்க இரண்டு தாய்மாரை முறை வைத்து இருத்தினோம். ஆளில்லாத வீட்டுக்குப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது சுகாதாரம் இல்லை என்பதை அப்போதுதான் நான் படித்தேன்.

இவ்வளவும் செய்தும் நிவேதாவைப் பாடசாலைக்கு அனுப்பத் தாய்க்குத் துணிவு வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. வாசலில் நிற்கும் பெண்கள் சிலர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிய வாசலில் நின்றேன். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து எனக்கு முன்னால் நின்றது. ஜெசிந்தா ரீச்சரின் கணவர். ஆஸ்பத்திரி விறாந்தையில் நாலு நாள் கிடந்து கசங்கிய சேட்டு உடம்பில். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்குவது என்றும் தீர்மானித்துவிட்டேன்.

“ராத்திரி ஒட்சிசன் கழட்டிப்போட்டினம் சேர்” என்றார். “பிள்ளையின்ர துடிப்பும் நல்லா இருக்காம். விடியக் கஞ்சி குடிச்சவ.”

அவர் இறங்கி மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“கஞ்சி குடிச்ச கையோட முதல் கேள்வி, ‘நிவேதா பள்ளிக்கூடம் வாறாளோ?’ எண்டு. நான் என்னத்தச் சொல்ல? சனம் கதைக்கிறது எனக்குத் தெரியும். ‘போய் அவளை வகுப்பில இருத்திப்போட்டு வந்து சொல்லுங்கோ’ எண்டு என்னை அங்கயிருந்து கலைச்சுப்போட்டா. வீடு எது சேர்?”

நான் கூட்டிக்கொண்டு போனேன். நிவேதாவின் தாய் அவர் யாரென்று அறிந்ததும் பிள்ளையைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவர் முற்றத்திலேயே நின்று, “அம்மா, ரீச்சர் சொல்லிவிட்டவ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி. வெளிக்கிடுத்துங்கோ” என்றார். அந்தத் தாய் அழுதுகொண்டே பின்னிய பின்னல் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வந்தது. பிள்ளையின் காய்ச்சல் விட்டு நாலு நாள். இருந்தும் இம்முறை நான் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

மோட்டார் சைக்கிளை வாசலிலேயே விட்டிருந்தபடியால் அவர் புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தார். பெரிய வலை இழுக்கும் கை. அதற்குள் அவள் கை இருக்கும் இடமே தெரியவில்லை. வாசலில் நின்ற பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருத்தி மட்டும், “ரீச்சருக்கு எப்பிடி அண்ணை?” என்று கேட்டாள். “சுகம்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். வகுப்புக் கதவில் நின்று, நிவேதா தன் வாங்கில் போய் இருந்து கொப்பியை எடுக்கும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மூன்று நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வசனங்கள். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கள் காலமை சாப்பிட்டனீங்களோ சேர்?”

“ஓம்” என்றேன்.

“முகத்தைப் பாத்தா அப்பிடித் தெரியேல்ல. வாங்கோ.”

சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இடியப்பமும் சொதியும் எடுப்பித்து எனக்கு முன்னால் வைத்தார். அவர் ஒரு தேத்தண்ணி மட்டும் குடித்தார். ஆஸ்பத்திரியில் ரீச்சர் காத்துக்கொண்டிருப்பார், நீங்கள் வெளிக்கிடுங்கோ என்று எவ்வளவோ சொன்னேன். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரைக்கும் எழும்பாமல் எதிரிலேயே இருந்தார்.